குரோமிக் ஆசிட்டில் போட்ட பாட்டில்கள்

பெங்காலை உலுக்கிய பெரிய புயலில் இங்கே டாக்குரியா ஏரிக்கரை மரங்கள் வேரோடு சாய்ந்தனவே, அதற்கு அடுத்த வருடம் பூஜை லீவு முடிந்து லேப் திறந்த வாரம் அது. தெருவில் பந்தல் மூங்கிலைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

என் வேலை கண்ணாடி கழுவுவது. படிப்பு ஏறாதவன் நான். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா யாரிடமோ சொல்லிச் சேர்த்துவிட்டார். பல வருடங்களுக்கு முன்பு, சேர்ந்த முதல் நாளே பழைய அட்டெண்டர் குரோமிக் ஆசிட் ஜாடியைக் காட்டினார். ஒரு சொட்டு பட்டால் பேண்டில் ஓட்டை விழும். ஊறவைத்து எடுத்தால் பாட்டில் பளபளக்கும். அந்தப் பளபளப்பால்தான் லேபில் எனக்குப் பெயர்.

வித்யா அங்கே பிஹெச்டி செய்தாள். காளிகாட்டில் பலகாரக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். ருத்தேனியம் என்ற உலோகத்தில் புற்றுநோய் மருந்து செய்துகொண்டிருந்தாள். என்னை பெங்காலி வழக்கப்படி காக்கு, அதாவது சித்தப்பா, என்பாள்.

"காக்கு, செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒரு அடுப்பு இருக்கு. என் மருந்து அத அணைக்கும். அப்புறம் எந்த ஜீன் ஓடணும், எது நிக்கணும்னு அது மேல சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். கேன்சர் அத மாத்தி வச்சிருக்கும். அதையும் என் மருந்து திருத்துதான்னு பாக்கறேன்" என்றாள். "என் பாட்டிலுக்கு மட்டும் ஆசிட் வேணாம். குரோமியமும் மெட்டல்தானே? கண்ணாடில ஒட்டிக்கிட்டு வந்து செல்லக் கெடுத்துடும். சோப்புத் தண்ணியே போதும்."

"சரிம்மா" என்றேன்.

சோப்பில் கழுவியவை என் கண்ணுக்கு மங்கலாகவே தெரிந்தன. மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல் ஆசிட்டில் போட்டேன்.

"அரே பாபா! இதுல மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சுக்கலாம் போலிருக்கே காக்கு!" என்றாள். சிரித்தேன்.

அந்தப் பாட்டில்களில்தான் செல்லுக்குச் சாப்பாடாக ஊற்றும் மீடியத்தை வைத்திருந்தாள். மருந்தே போடாத தட்டிலும் செல் செத்தது, அடையாளமும் மாறியிருந்தது. என்னிடம் வந்தாள்.

"ஆசிட்ல போடலியே காக்கு?"

"இல்லம்மா."

அன்றே நிறுத்தினேன். வெந்நீரில் எத்தனையோ முறை அலசினேன். கண்ணாடியில் ஏறியது போகவில்லையோ என்னவோ, அடுத்த முறையும் அப்படியே ஆனது. அவளுடைய கைடு ஸார் எல்லோர் முன்னாலும் பெங்காலியில் கத்தினார். "மருந்து போடாமலே சாகுதுன்னா, உன் மூச்சு பட்டே சாகுதா? சுத்தமில்லாத கைக்கு இங்க என்ன வேலை? கடையில போய் முறுக்கு சுத்து!"

கையில் டிரேயோடு கதவோரம் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

ருத்தேனியத்தை நிறுத்திவிட்டு அவளை வேறு தலைப்புக்கு மாற்றினார்கள். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாமலே போனது. நான் ரிட்டயரான அன்று சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். "உங்க பாட்டில்ல ஒரு குறையும் இல்ல காக்கு. என் கைதான் சரியில்ல" என்றாள். அப்போதும் வாங்கித் தின்றேன்.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. போடுவேன், மணி அடிக்கும் முன்பே வைத்துவிடுவேன். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் லேபில் கண்ணாடி கழுவுகிற ஆளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வித்யாவைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவள் கையில் ஒன்றும் இல்லை, கழுவினவன் கைதான் என்று சொல்லிவிடுங்கள்.