ஒசாகாவில் என் வலக்கை

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரொறன்ரோவின் மல்வேர்னிலிருந்து டாக்சியில் புறப்பட்டோம். விமான நிலையம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பெட்டிகளை ஏற்றிய ஓட்டுநர் எங்கள் பக்கத்துப் பொடியன்தான்.

"ஜப்பானோ! பச்சை மீனைத் தருவாங்கள் அண்ணை, கவனம்."

"மீன் ஒண்டும் செய்யாது தம்பி" என்றேன். என் பயம் மீன் அல்ல, என் சொந்த வலக்கை. மாசி மாதத்திலிருந்து அது நடுங்குகிறது. சட்டைப்பைக்குள் கிடந்தால் சும்மா இருக்கும். ஒரு கோப்பையையோ கரண்டியையோ தூக்கினால் துள்ளத் தொடங்கிவிடும். குடும்ப வைத்தியர் ஒரு நோயின் பெயரைச் சொல்லி, 'இருக்கலாம்' என்றும் சேர்த்துக்கொண்டார். நரம்பு வைத்தியரைப் பார்க்க மார்கழி வரை காத்திருக்க வேண்டும். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்தான் என் நித்திரையைத் தின்கிறது.

ஒசாகாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் எங்கள் ஒரே மகள் ஜெனிற்றாவுக்கு இது தெரியாது. தெரியக்கூடாது என்பது என் கட்டளை. முன்பு என் முதுகில் சத்திரசிகிச்சை நடந்தபோது, கிடைத்த முதல் வேலையை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தவள் அவள். இப்போது பிடித்த ஊரில் பிடித்த வேலையில் இருக்கிறாள். என் கையைக் கண்டால் மறுபடியும் பெட்டியைக் கட்டுவாள். பத்து நாள் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று என் மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். "நீங்கள் சமாளிச்ச மாதிரித்தான்" என்று அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோக்கியோவில் விமானம் மாறி, வியாழன் மாலை ஒசாகாவில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ரயில். மகளின் வீடு என்பது ஒரு அறை. அடுப்பு என்பது ஒற்றை வட்டம், அதன் மேல் அவளுடைய தொப்பி இருந்தது.

"இங்க சமையல் எல்லாம் வேஸ்ற் அம்மா. மூண்டு நேரமும் வெளியிலதான். சீப்பா இருக்கும்" என்றாள். "அப்பா, இன்னொண்டு. ஸ்கூல்ல கொன்ராக்ட் றினியூ பண்ணச் சொல்லிக் கேக்கினம். மாசக் கடைசிக்குள்ள ஆன்சர் பண்ணவேணும். இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டே?"

"இரு பிள்ளை, இரு" என்றேன் அவசரமாக. மூன்று நேரமும் வெளியில் என்றதும் வலக்கையைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

முதல் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், உடோன் என்ற தடித்த கோதுமை நூடில்ஸ் விற்கும் கடை. வாசலில் ஓர் இயந்திரம் நிற்கிறது. காசைப் போட்டுப் படத்தை அமத்தினால் சீட்டு வரும், சீட்டைக் கொடுத்தால் சாப்பாடு வரும். பொரித்த சோயாத் தகடு மிதக்கும் உடோன் நானூற்றைம்பது யென், எங்கள் கணக்கில் நாலு டொலருக்குச் சற்று மேலே. வரி அதற்குள்ளேயே அடக்கம், ரிப்ஸ் என்று மேலதிகக் காசும் இல்லை. நாணயத்தை அந்தச் சின்னத் துவாரத்துக்குள் போட என்னால் முடியாது என்பதால், கழுத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தபடி நின்றேன். ரெஜினா போட்டாள்.

குச்சியால் எடுத்த நூடில்ஸ் மூன்று முறை வழுக்கி விழுந்தது. நான்காம் முறை மகள் பார்த்துவிட்டாள்.

"கிண்ணத்தைத் தூக்கி வாயில வையுங்கோ அப்பா. உறிஞ்சலாம். இங்க அதுதான் மனர்ஸ்."

தூக்கினேன். இரண்டு கைகளாலும் அந்தச் சூட்டை இறுக்கிப் பிடித்தபோது வலக்கை அடங்கிப்போனது. பக்கத்தில் இருந்த அலுவலக மனிதர்களும் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு, கிண்ணத்தை மேல்தட்டில் வைத்துவிட்டு, நன்றி போல ஒரு சொல் சொல்லி வெளியேறுகிறார்கள். ரொறன்ரோவில் நான் கலியாண மண்டபங்களுக்குப் போவதை விட்டு மாதங்கள் ஆகின்றன. அங்கே வட்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், "என்ன அண்ணை, கையில கறி ஊத்துப்படுது?" என்று கேட்கக்கூடியவர்கள். இந்தக் கடையில் இருந்தவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

வெள்ளி மாலை சூஷி, பச்சை மீன் வைத்த சோற்றுக் கட்டி. தட்டுகள் வாரில் ஊர்ந்து வரும் கடை. கையாலேயே எடுத்து வாயில் போடலாம் என்பதால் அங்கும் தப்பினேன். இருக்கையையும் யோசித்துத்தான் பிடித்தேன். வலப்பக்கம் ரெஜினா மதில் மாதிரி, மகள் இடப்பக்கம்.

சனி காலை மாட்டிக்கொண்டேன். பழைய பாணிக் கோப்பிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். ஒரு கோப்பிக்குக் காசு கொடுத்தால் தடித்த பாணும் அவித்த முட்டையும் கூடவே வரும், ஐந்நூறு யென். எல்லாம் நல்லதுதான், ஆனால் கோப்பை பீங்கான் தட்டின் மேல் வந்தது. விரல் பட்டதும் கடகடவென்று சத்தம் போட்டது. விட்டுவிட்டேன். கோப்பி ஆறிப் பாலாடை படர்ந்தது.

"ஏன் அப்பா குடிக்கேல்லை?"

"வயிறு சரியில்லை பிள்ளை."

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. மகள் மருந்துக் கடைக்கு ஓடினாள். அன்று மத்தியானமும் மறுநாளும் வயிற்றுக்கு நல்லது என்று எனக்கு அரிசிக் கஞ்சி எடுத்துத் தந்தாள், குழிக் கரண்டியுடன். உலகத்தில் உள்ள சாப்பாடுகளில் என் கைக்கு மிகவும் விரோதமானது கஞ்சியும் கரண்டியும்தான். அவள் போனைப் பார்க்கும் நேரமாகப் பார்த்துக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது.

செவ்வாய் மாலை மகளோடு வேலை செய்யும் கணக்கு ஆசிரியை மோரி எங்களை அழைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சத்தமாகச் சிரிப்பவர். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு சின்னக் கடை. கோழி சுடும் புகை, தாழ்ந்த மேசை, நடுவில் ஒரு பெரிய போத்தல் பியர், சின்னச் சின்னக் கிளாஸ்கள். மோரி போத்தலை எடுத்து முதலில் ரெஜினாவுக்கும் மகளுக்கும், பிறகு எனக்கும் ஊற்றினார். தன் கிளாஸை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அப்பா, இங்க தங்களுக்குத் தாங்களே ஊத்தமாட்டினம். நீங்கள் ஊத்திவிடுங்கோ" என்றாள் மகள்.

எங்கள் வீடுகளில் விருந்தாளி இருந்த இடத்தில் இருப்பான், வீட்டுக்காரர் ஓடி ஓடி ஊற்றுவார். விருந்தாளியையே ஊற்றச் சொல்லும் ஊர் ஒன்று இருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. ரெஜினா போத்தலுக்குக் கையை நீட்டினாள். "அம்மா, அப்பாவை விடுங்கோ. அவருக்குத்தான் வெயிற் பண்ணுறா" என்று மகள் தடுத்துவிட்டாள்.

போத்தலைத் தூக்கினேன். அதன் வாய் கிளாஸின் விளிம்பில் பட்டுப் படபடவென்று அடித்தது. பியர் மேசையில், மோரியின் கையில், சட்டைக் கையில். மோரி கிளாஸைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தபடி, நிரம்பும் வரை இருந்தார். பிறகு துணி கேட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?"

நான் வாயைத் திறக்க முன் ரெஜினா சொன்னாள்: "மாசியிலயிருந்து."

மிச்சச் சாப்பாடு என்ன, எவ்வளவு என்று எனக்கு நினைவில்லை. திரும்பும் வழியில் மகள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"நான் திரும்பி வந்திடுவன் எண்டுதானே ஒளிச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அது என்ர டிசிஷன் அப்பா. உங்கட இல்லை."

அதன் பிறகு புறப்படும் வரை அவள் பள்ளியைப் பற்றியும் பேசவில்லை, என் கையைப் பற்றியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் என் எதிரே வந்து உட்கார்ந்தாள், உதவி செய்யவில்லை, நான் சாப்பிட்டு முடியும் வரை பார்த்தாள். ஒளித்துச் சாப்பிட்ட நாட்களைவிட அது கடினமாக இருந்தது. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கேக்க சாப்பிட்டுக்கொண்டு எடுங்கோ. நான் பாக்கவேணும்" என்றாள். பதின்மூன்று மணி நேரப் பறப்பில், வேலையை விட்டுவிட்டு எந்த வாரம் வந்து நிற்பாளோ என்று மனம் உழன்றபடியே வந்தது.

ஞாயிறு மாலை ஏழு மணி, மல்வேர்ன். அங்கே திங்கள் காலை எட்டு. ரெஜினா சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்தாள். என் முன்னே புட்டும் மீன்குழம்பும். நான் பிடித்த பிடியில் பாதி மேசையில் கொட்டியது. மகள் கடையில் வாங்கிய சோற்று உருண்டையைக் கடித்தபடி பார்த்தாள்.

"அப்பா, நான் கொன்ராக்ட் சைன் பண்ணிட்டன். இன்னும் ஒரு வருஷம்."

"நல்லது பிள்ளை" என்றேன். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தாள்.

ரெஜினா மேசையைத் துடைத்தபடி கேட்டாள்: "உதைத்தானே விரும்பினனீங்கள்?"

"ஓம்" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் மகள் வரமாட்டாள் என்று கேட்ட பிறகுதான், வந்துவிடுவாள் என்று நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.