ரோசாலியம்மாள் கையெழுத்துப் போடாத பதிவு

மருத்துவச்சி ரோசாலியம்மாள் காலமாகிவிட்டார். பாகூரிலிருந்து வில்லியனூர் சந்தைக்கு வந்த வண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வாங்கிய காய்கறியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். அவர் கையில் பிறந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரைப் புகழ எனக்கு ஆசைதான். அதற்கு முன் என் தவறைச் சொல்ல வேண்டும்.

நான் மேரியில், அதாவது பிரெஞ்சு ஆட்சியின் ஊராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். ஆண்கள்தாம் வந்து எழுதிவைப்பார்கள். பிரசவம் பார்த்தவர் என்ற முறையில் ரோசாலியம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் கரும்புப் பண்ணைக்காரர் ஒருவர் பேரன் பிறந்ததைப் பதிய வந்தார். தாயின் வயது பதினெட்டு என்றார்.

"பதிமூணுங்க," என்றார் ரோசாலியம்மாள். "வலி வந்தப்ப, இது இன்னா வலின்னு அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டுச்சு."

நான் பண்ணைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அழகான பிரெஞ்சில் பதினெட்டு என்று எழுதினேன். ரோசாலியம்மாள் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். சாட்சிக்கா பஞ்சம்? வாசலில் நின்ற சேவகனைக் கூப்பிட்டேன்.

மறு வருஷமே இரண்டாவது பிரசவத்தில் அந்தப் பெண் இறந்தாள். வீட்டார் காய்ச்சல் என்றார்கள், அப்படியே எழுதினேன். அடுத்த நாள் ரோசாலியம்மாள் என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"வயச ஏத்தி எழுதுனீங்க. சாவ மாத்தி எழுதுனீங்க. அந்தப் பொண்ணுக்குன்னு இன்னாதான் வுட்டு வெச்சீங்க?"

அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்றேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

அப்போது என் மகளுக்கு, அந்தப் பெண் முதல் பிள்ளை பெற்ற அதே பதிமூன்று வயது. கல்யாணம் முன்பே நடந்திருந்தது. அவள் பெரியவளானதும், அழைத்துப்போகச் சம்பந்தி வீட்டார் நாள் குறித்திருந்தார்கள். ரோசாலியம்மாள் வந்து கேட்ட அன்று மாலையே வெட்கத்தை விட்டு ரோசாலியம்மாள் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இடுப்பெலும்பு இன்னும் வளரணுங்க. நாலு வருஷம் போவட்டும்," என்று மட்டும் சொன்னார். சம்பந்தி வீட்டுக்கும் என்னோடு வந்தார்.

"இப்ப அனுப்பலன்னா எங்க புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துக்கறோம்," என்றார் சம்பந்தியம்மாள்.

"பாத்துக்குங்க," என்றார் ரோசாலியம்மாள். "அதையும் பதினேழு ஆனப்புறம் கூட்டியாங்க."

நான் மகளை அனுப்பவில்லை. சொன்னபடியே அவர்கள் வேறு பெண் எடுத்தார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. ஊரார் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. வாழாவெட்டியாக்கிவிட்டீர்களே என்று என் மகளே இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாள். நான் செய்தது சரிதானா என்று ரோசாலியம்மாளிடம் ஒருமுறை கேட்டேன். "உசுரோட கோவமா இருக்குது. இருக்கட்டும்," என்றார்.

மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. தையல் தைக்கிறாள், எதற்கெடுத்தாலும் என்னோடு சண்டை போடுகிறாள். ரோசாலியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவள்தான்.