ஓட்டில் திரும்பிய நீலம்

சென்ற மாதம் அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது, கணுக்காலைச் சுற்றியிருந்த மங்கிய வடுக்கள் என் விரலில் தட்டுப்பட்டன. அட்டை கடித்த வடுக்கள். அவற்றை ஆற்றிய மருந்தைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

டயகமப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைக்கு அப்போது கொப்புள நோய் கண்டிருந்தது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொழுந்தின்மேல் தெளிப்பது அப்பாவின் வேலை. அந்த மழைக்காலத்தில் அட்டைக்கடி சீழ் வைத்து, அம்மா நொண்டிக்கொண்டே கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். துத்தத்தைப் பொரித்துப் போட்டால் புண் காயும் என்பது எங்கள் வரிசைவீடுகளான லயத்தில் எல்லோரும் அறிந்த வைத்தியம். ஸ்டோரிலிருந்து துரும்பை எடுத்தாலும் வேலைநீக்கப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தையே வெளியேற்றிவிடுவார்கள் என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஒரு மாலை அப்பா, மடியிலிருந்து புளியங்கொட்டையளவு கல்லொன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

அப்படியொரு நீலத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. மூட்டம் விலகும் அரிய நாட்களிலும் எங்கள் வானம் அந்த நிறத்தில் இருந்ததில்லை. அம்மா அதை ஓட்டிலிட்டு அடுப்பில் வைத்தாள். கல் மெல்லப் பொரிந்தது. ஓரத்திலிருந்து நீலம் வெளிறிக்கொண்டே வந்து, கடைசியில் கோலமாவு போன்ற வெள்ளைப் பொடி மட்டும் எஞ்சியது. ஒரு நிறம் செத்துப்போனதைக் கண்ணால் கண்டதாகவே எனக்குத் தோன்றியது.

ஓட்டை இறக்கி வைத்த நேரத்தில் வாசலில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நின்றார். துத்தம் குறைகிறதென்று லயத்தில் ஒவ்வொரு காம்பராவாகத் தேடிவந்திருந்தார்.

“ஓட்டுல என்னா?”

“கால் புண்ணுக்குப் பொரிச்ச படிகாரமுங்க ஐயா,” என்றாள் அம்மா.

நல்ல பொய். படிகாரமும் பொரித்தால் வெள்ளைதான். அவர் தலையசைத்துத் திரும்பினார். அடுப்பிலிருந்து இறங்கியதை நீர் தெளித்து ஆற்றும் வழக்கப்படி, அம்மாவுக்கு உதவுவதாக எண்ணி, நான் செம்பிலிருந்து நாலு சொட்டுத் தெளித்தேன். பொடி சுர்ரென்றது. சொட்டு விழுந்த இடமெல்லாம் நீலம் பூத்தது.

“அப்பா, கல்லுக்கு உசுரு வந்திருச்சு,” என்று கூவினேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கணக்கப்பிள்ளை திரும்பி ஓட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவின் காலைப் பார்த்தார். வெளியே நின்ற கங்காணி, “என்னாங்க ஐயா, அங்க இருக்குங்களா?” என்று குரல் கொடுத்தார்.

“இங்கன ஒண்ணுமில்ல,” என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, “படிகாரத்த நனையாம வையி,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த உப்பு தன் படிகத்துக்குள் நீரைச் சுமப்பதையும், வெப்பத்தில் அதை இழந்து வெளுப்பதையும், ஒரு சொட்டில் மீண்டும் நீலமாவதையும் பின்னாளில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செய்துகாட்டினேன்.

அன்று எனக்கு வேறொன்றுதான் வியப்பாயிருந்தது. இவ்வளவு படித்த கணக்கப்பிள்ளைக்குப் படிகாரத்துக்கும் துத்தத்துக்கும் வேறுபாடு தெரியவில்லையே என்று, சோறு உண்ணும்போது சொல்லிச் சிரித்தேன். அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை.