ராகுகாலத்துக்கு முன் ஒரு பிரிண்ட்

பிரிண்டர் திருத்துவது என் தொழில். பாதி நேரம் நான் திருத்துவது பிரிண்டரை அல்ல. பிரிண்டர் வாங்கிய பாவிகளே, உங்களுக்கு இது புரியும். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணை ஒரு ஞாயிறு மத்தியானம் போன் எடுத்தார். மகளின் கல்யாணக் கார்டை வீட்டிலேயே அச்சடிக்கிறார்களாம், பிரிண்டர் அசையவில்லையாம். மாப்பிள்ளையின் தகப்பன் பீலெஃபெல்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். ராகுகாலம் தொடங்குமுன் முதல் கார்டு அவர் கையில் இருக்க வேண்டும். மண்டபத்தை மாற்றியதில் அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். ஞாயிற்றுக்கிழமை இங்கே எந்த நகல் கடை திறக்கும்? ஓடினேன்.

வரிசை

பிரிண்டருக்குக் கொடுக்கும் வேலைகள் வரிசையில் நிற்கும்; முன்னால் நிற்பது போனால்தான் பின்னால் நிற்பது நகரும். இங்கே தாள் அளவு பிழையான ஏதோ ஒரு அன்ட்ராக், அதுதான் அரசாங்க விண்ணப்பப் படிவம், முன்னால் நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தது. அண்ணை பொறுமையில்லாமல் பொத்தானை அமுக்கி அமுக்கி, அதன் பின்னால் ஒரு தேர்த்திருவிழாக் கூட்டத்தையே சேர்த்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்தேன்.

"ஐயோ பிள்ளை, நான் இவ்வளவு நேரமும் அமத்தினதெல்லாம் வீணாப் போச்சே!"

ரவுட்டர்

கணினியும் பிரிண்டரும் வயர் இல்லாமல் பேசிக்கொள்ள நடுவில் ரவுட்டர் வேண்டும். வரிசை சரியானது, ரவுட்டரைத்தான் காணவில்லை. தேடிப் பார்த்தால், அண்ணையின் மனைவி வசந்தி அக்கா அதன்மேல் பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, மேலே பூச்சாடியும் வைத்திருந்தார். பித்தளையைத் தாண்டி வைஃபை எப்படி வரும்? புருஷனும் நானும் மாறி மாறிக் கெஞ்சிய பிறகுதான் அண்டா எழும்பியது.

"சம்பந்திக்கு வயரைக் காட்டுறதோ? வீடெண்டா வடிவா இருக்க வேண்டாமோ?"

தாள்

இனி ஒரு குறையும் இல்லை என்று பிரிண்ட் கொடுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம், தாள் சிக்கிவிட்டது. பின்கதவைத் திறந்து இழுத்தால் நாலு மூலையிலும் ஈரமான மஞ்சள். தாளை இழுக்கும் உருளைகளுக்கும் மஞ்சள் காப்பு. அச்சடித்த பிறகு பூச வேண்டியதை அண்ணை முன்கூட்டியே பூசியிருந்தார். "வெறுந்தாளில மகளின்ர பேரை அடிக்கச் சொல்லுறியளோ?" என்று என்னிடமே பாய்ந்தார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உருளைகளைத் துடைத்தேன்.

ராகுகாலத்துக்குச் சற்று முன் அழைப்புமணி அடித்தபோது, மஞ்சள் படாத புதுத் தாளில் கார்டு வந்து விழுந்தது. அண்ணை மூலைகளில் மஞ்சள் தொட்டு, வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். சம்பந்தி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு சம்பந்தி, கையெல்லாம் மஞ்சளாய் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, எங்கட பக்கக் கார்டுக்கு நாங்களும் மஞ்சளைப் பூசிப்போட்டுத்தான் தாளை விட்டனாங்கள், இப்ப மிசின் அசையுதே இல்லை. பீலெஃபெல்டுக்கு எப்ப வாறியள்?"

ஜாதகம் பார்த்தவர் என்ன சொன்னாரோ தெரியாது, பீலெஃபெல்டுக்கும் போய் இரண்டு வீட்டுப் பிரிண்டரையும் கழற்றிப் பூட்டியவள் சொல்கிறேன்: பத்துப் பொருத்தமும் இருக்கிறது.