சுடாத பாதம்

சென்ற வெள்ளிக்கிழமை தம்பிராசாவைப் பார்க்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிரான் வயல்வட்டையில் வேளாண்மை செய்பவர். கடல் பொங்கிய காலையில் மனைவியை இழந்தவர். எஞ்சிய ஒரே மகனும் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் அகப்பட்டுக்கொண்டான்.

"அவன் உசிரோட வந்தாத் தீ மிதிப்பன், அம்மாளே" என்று நேர்ந்தார். முகாமிலிருந்து மகன் மீண்டான். தெய்வத்துக்குத் தவணை சொல்ல முடியுமா?

அவருக்கு நெடுநாள் நீரிழிவு. செருப்புக் கழன்றாலும் அறியாத பாதங்கள். மகன் தடுத்தான்.

"அப்பா, உங்களுக்குச் சீனி வருத்தம். டாக்டரிட்டக் கேட்டுப் போவம்."

"அம்மாளிட்டக் கேட்டாச்சிடா. டாக்டர் அவவுக்கு மேலயோ?"

திருவிழாவில் எல்லோரும் தீக்குழியை ஓடிக் கடந்தார்கள். தம்பிராசா நடந்தார்... நடுவில் நின்று கும்பிட்டார்! முகத்தில் ஒரு சுளிப்பில்லை. "அம்மாள் நெருப்பைப் பூவாக்கிப்போட்டா!" என்று கூட்டம் அரற்றியது. என் கண்களும் நனைந்தன.

நோவில்லை, ஆகவே பாதத்தை எவரும் பார்க்கவில்லை. கொப்புளத்தோடு வயற்சேற்றில் இறங்கினார். நாற்றம் எழுந்த பிறகே மகன் கண்டான். இப்போது முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை.

"நெருப்பு எப்படிப் பிள்ளை தெரியாமற் போகும்?" என்று வார்ட்டிலிருந்த இளம் டாக்டரிடம் கேட்டேன்.

பாதத்திலிருந்து முதுகுவரை நூலாய் நீளும் நரம்புக்கலங்கள் உண்டாம். சூடு பட்டதும் அவற்றில் மின்துடிப்பு ஓடும். நூல் முடியுமிடத்தில் மயிரிழையினும் நுண்ணிய ஓர் இடைவெளி. அங்கே சுரக்கும் இரசாயனம் அடுத்த நரம்புக்கலத்தை எழுப்பும். மூளை அறியுமுன்னரே, முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாண் "காலை எடு" என்று கட்டளையிட்டுவிடும்.

"சீனி கூடினா, ஆக நீளமான நூல்தான் ஐயா முதல்ல சாகும். காலுக்கு நெருப்புப் பட்டது... மேல சொல்ல ஆளில்ல."

நோவைத் தீர்த்தருள் என்றே நாள்தோறும் பாடி இரக்கிறோம். நோவைத் தந்து காத்தவளை நம்மில் எவர் பாடினோம்?

விடைபெறும் வேளையில் தம்பிராசா என் கையைப் பற்றினார்.

"ஐயா, அண்டைக்கு ஒண்டும் சுடல்ல. இப்பதான் அந்தப் பாதம் நெருப்பா எரியுது. கொஞ்சம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

மகன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நின்றான்.

எங்கே ஊற்றுவான்?