கால்வாயில் கிடைத்த நிறம்

புது நிறத்துக்காக நான் புத்தகம் எதையும் புரட்டுவதில்லை. ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவனுக்குத் தெருவே போதும். மழையில் ஊறிய அரிசி மில் சுவரிலிருந்துகூட எடுத்திருக்கிறேன்.

போன வருஷம் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஒரு நிறத்தைப் பார்த்தேன். மயில்கழுத்து நிறம்தான், ஆனால் அழுகிப்போன மயில். கரையில் ஒரு புல்கூட இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தது? அப்படியே பார்டருக்கு வைத்தேன்.

“எங்கருந்துங்க புட்சீங்க இந்தக் கலர?” என்று பூரித்துப்போனார் ஜவுளிக்கடைக்காரர். ஊரில் பாதிக் கல்யாணங்களில் அந்தச் சேலைதான்.

இன்று காலை வீட்டு போர்வெல் குழாயடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“ஏங்க, ஜல்தி வாங்க. உங்க கலரு கொடத்துல வந்துகினு கீது.”