மூன்றாவது மிஷினின் மானிட்டர்

ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்குகிறதா என்று பார்க்க, ஒன்றை நாமே தள்ளிவிட வேண்டும். அதுதான் எங்கள் தொழில். எதையாவது சோதித்துப் பார்க்கப்போய் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

அன்று விழுப்புரம் அறையில் இருந்தவர்கள்: எர்லாங் என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் ஸ்டெல்லா, அவளோடு வேலை செய்யும் முருகன், நிரலை வாங்கலாமா என்று பார்க்க வந்த, மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டிக்காரர் ஏழுமலை. திண்டிவனத்தில், என் பழைய பிரவுசிங் சென்டரில், எட்டாவதோடு நின்ற நான், போனும் கையுமாக. ஆக நாலு பேர். மிஷின் மூன்று: முதலாவதும் மூன்றாவதும் அங்கே, இரண்டாவது என்னிடம். மண்டியில் டோக்கன் எண்ணைத் திரையில் காட்டும் நிரல் அது. ஒரு நேரத்தில் ஒரு மிஷினில்தான் ஓடும். அது நின்றால் அடுத்தது எடுத்துக்கொள்ளும். ஏழுமலை சரி என்றால் ஸ்டெல்லா ஊரிலேயே இருப்பாள். இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும்.

அரை நிமிடம்

மூன்று மிஷினும் அரை நிமிடத்துக்குள் எழுந்து ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் மற்றவை படுத்துவிடும். நான் தொடக்கக் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடிப்பவன். இரண்டு முறை படுத்தன.

போனில் ஸ்டெல்லா கெஞ்சினாள்: "ஐயா, தப்பா அடிச்சாலும் பரவால்ல, ஜல்தி அடிங்க!" மூன்றாம் முறை மூன்றும் எழுந்தன.

டேபிள் ஃபேன்

ஏழுமலைக்கு வியர்த்தது. பிளக் பாயின்ட் போதாமல், மூன்றாவது மிஷினின் மானிட்டரைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைச் சொருகினான் முருகன். பிறகு முதல் மிஷினை நிறுத்தினான். சில நொடிகளில் டோக்கன் திண்டிவனத்தில் ஓடியது. முதல் மிஷின் திரும்பி வந்தால் வேலையை அதனிடமே கொடுத்துவிடும் என்று ஸ்டெல்லா விளக்கினாள்.

ஏழுமலை சிரித்தார்: "எங்க அண்ணன் தம்பிங்களே அப்படிக் குடுக்கமாட்டானுங்கம்மா."

ஜன்னல்

என் மிஷினில் ஓடுவதை அவருக்குக் காட்ட, அங்கிருந்தே தன் லேப்டாப்பில் அதற்குள் ஒரு ஜன்னல் திறந்தாள் ஸ்டெல்லா. காட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில், வெளியேறும் கட்டளையை அடித்தாள். அது ஜன்னலை மூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மிஷினையே மூடும். என் கண் முன்னால் எல்லாம் நின்றது. அங்கே லேப்டாப் திரையும் கறுத்தது.

ஏழுமலை எழுந்துவிட்டார்: "வெளியாள் எவனும் கெடுக்கல. நீங்களே கெடுத்துக்கினீங்க."

ஃபேனைக் கழற்றிய பிறகு

அவர் கார் போன பிறகு முருகன் மானிட்டரைச் சொருகினான். "அக்கா! இது ஓடிக்கினே இருக்குதுக்கா!" என்று அவன் கத்தியது எனக்கும் கேட்டது. ஒரு டோக்கன்கூட விடாமல் காட்டிக்கொண்டிருந்ததாம். ஸ்டெல்லா உடனே ஏழுமலைக்குப் போன் செய்தாள்.

அவர் சொன்னது இதுதான்: "நல்லது நடந்திருந்தா நான் அங்க இருக்கச்சொல்லவே நடந்திருக்கும்மா."

திங்கட்கிழமை அவள் ரயிலேறினாள். மூன்று மிஷினில் இரண்டை நாங்களே சாகடித்தும் வேலையை விடாமல் பார்த்தது, யாரும் பார்க்காத மிச்சம் ஒன்று.